இரண்டு குழுக்களை ஒப்பிட எந்தச் சோதனை? ஆய்வு மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"தரவெல்லாம் சேகரித்துவிட்டேன், இனி எந்தச் சோதனையைப் போடுவது?" முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவர்கள் கடைசிப் பருவத்தில் கேட்கும் கேள்வி இது. அறிவியல் கண்காட்சிக்காகச் செடி வளர்த்த பள்ளிப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். மாணவர் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றுதான்: இரண்டு குழுக்கள் இருக்கின்றன, அவற்றின் அளவுகள் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு உண்மையானதா, தற்செயலா?

இதற்குப் பாடநூல்கள் பல வழிகளைத் தருகின்றன. சார்பற்ற இரு கூறுகளுக்கான, அதாவது தனித்தனி ஆட்களிடம் அளவெடுத்த இரு குழுக்களுக்கான, ஸ்டூடண்ட் டி சோதனை, அதன் வெல்ச் வடிவம், இணை டி சோதனை, தரவரிசையை வைத்து நடத்தும் மான்-விட்னி, வில்காக்சன் சோதனைகள், எண்ணிக்கைகளுக்கான கை வர்க்கச் (chi-square) சோதனை, ஃபிஷரின் துல்லியச் சோதனை. பட்டியலைப் பார்த்ததும் மாணவர் மிரண்டுபோகிறார். ஏதாவது ஒரு மென்பொருளில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, பி மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வருவதை எடுத்துக்கொள்கிறார். ஆய்வின் மொத்த உழைப்பும் வீணாவது அந்த இடத்தில்தான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணை சேர்த்து, அதாவது ஒரே ஆளை இருமுறை அளந்தோ ஒத்த இருவரை ஜோடியாக்கியோ, ஆய்வை அமைக்க முடியுமென்றால் இணை சேருங்கள். முடியாதென்றால் வெல்ச் டி சோதனை. அளவு வெறும் தரவரிசையாக இருந்தால் மான்-விட்னி. எண்ணிக்கையாக இருந்தால் கை வர்க்கம், சிறிய எண்ணிக்கையாக இருந்தால் ஃபிஷர். ஒரு சோதனையை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். தரவு சேகரிக்கும் முன்பே ஆய்வின் அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதால் கிடைக்கும் ஆதாயம் மிகப் பெரிது. இதை எண்களைக் கொண்டே காட்டிவிடலாம்.

அதே இருபது எண்கள், ஆறு விடைகள்

டப்ளின் நகரத்து கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், 1908இல் பயோமெட்ரிக்கா இதழில் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். டி சோதனைக்கு மூலம் அதுதான். பார்லியும் ஹாப்ஸும் வாங்கும் ஆலையில் நான்கைந்து மாதிரிகளை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான அளவுகளை எதிர்பார்க்கும் அன்றைய புள்ளியியல் அவருக்குப் பயன்படவில்லை. தம் முறையை விளக்க அவர் எடுத்துக்கொண்டது, குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905இல் வெளியிட்ட தூக்க மருந்துத் தரவு. பத்து நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மருந்துகளும் வெவ்வேறு இரவுகளில் கொடுக்கப்பட்டன. மருந்தில்லாத இரவுகளைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது குறிக்கப்பட்டது.

முதல் மருந்துக்கு: 0.7, −1.6, −0.2, −1.2, −0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0.

இரண்டாம் மருந்துக்கு, அதே வரிசையில்: 1.9, 0.8, 1.1, 0.1, −0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4.

சராசரிகள் 0.75, 2.33. வேறுபாடு 1.58 மணி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இனி இந்த இருபது எண்களும் இருபது தனித்தனி ஆட்களிடமிருந்து வந்தவை என்று ஒரு மாணவர் நினைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். ஸ்டூடண்ட் டி சோதனையில் டி மதிப்பு (வேறுபாடு அதன் பிழை அளவைப்போல எத்தனை மடங்கு என்பது) 1.86, பி மதிப்பு 0.079. வெல்ச் வடிவத்திலும் பி மதிப்பு அதே 0.079. மான்-விட்னியில் 0.069. மூன்றுமே 0.05 என்ற வழக்கமான எல்லைக்கு மேலே நிற்கின்றன. "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதி முடித்துவிடுவார்.

இப்போது உண்மையில் நடந்ததைப் போலவே, ஒவ்வொரு நோயாளியின் இரு எண்களையும் இணையாக எடுத்துக்கொண்டு கழித்துப் பாருங்கள்: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. ஒருவருக்கு மாற்றமே இல்லை. மீதி ஒன்பது பேருக்கும் இரண்டாம் மருந்தில்தான் தூக்கம் கூடியிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒருவர்கூட இல்லை. இணை டி சோதனையில் டி மதிப்பு 4.06, பி மதிப்பு 0.003. வில்காக்சன் இணைச் சோதனையில் 0.009. வெறும் கூட்டல், கழித்தல் குறிகளை மட்டும் எண்ணும் குறிச் சோதனையில்கூட, ஒன்பதும் ஒரே பக்கம் விழ 512இல் 2 வாய்ப்புதான், அதாவது 0.004.

ஏன் இப்படி? ஆறாவது, ஏழாவது நோயாளிகள் எந்த மருந்து கொடுத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்குகிறார்கள். இரண்டாவது, நான்காவது நோயாளிகளுக்கு முதல் மருந்தால் தூக்கம் குறைந்தே போயிருக்கிறது. ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது: முதல் வரிசையின் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 1.79, இரண்டாவதன் திட்ட விலக்கம் 2.00. மருந்துகளுக்கு இடையிலான 1.58 மணி வேறுபாடு இந்த இரைச்சலுக்குள் அமுங்கிவிடுகிறது. ஒரே ஆளை அவரோடே ஒப்பிடும்போது அந்த ஏற்றத்தாழ்வு கழிந்துபோகிறது. வேறுபாடுகளின் திட்ட விலக்கம் 1.23 மட்டுமே.

இதில் கவனிக்க வேண்டியது, சார்பற்ற சோதனைகள் மூன்றும் தங்களுக்குள் பெரிதாக வேறுபடவில்லை என்பது. இணைச் சோதனைகள் மூன்றும் ஒரே முடிவைச் சொல்கின்றன. பெரிய தாவல் இந்த இரு குடும்பங்களுக்கு இடையில்தான் இருக்கிறது. எந்தக் குடும்பம் என்பதைத் தீர்மானிப்பது ஆய்வு நடந்த விதம். மாணவரின் விருப்பத்துக்கோ, பி மதிப்பு எதில் சிறிதாக வருகிறது என்பதற்கோ அதில் இடமில்லை. இணையாக எடுத்த தரவைப் பிரித்துச் சோதிப்பது எவ்வளவு தவறோ, தனித்தனி ஆட்களிடம் எடுத்த தரவை வரிசை எண்ணை வைத்து இணையாக்குவதும் அதே அளவு தவறு.

இணை அமைப்பு: ஆதாயமும் விலையும்

காசெட்டே இந்த வாதத்தை இன்னும் பெரிய மேடையில் வைத்தார். ஸ்காட்லாந்தின் லானர்க்ஷையரில் 1930இல் 67 பள்ளிகளில் 20,000 குழந்தைகளை வைத்துப் பால் சோதனை ஒன்று நடந்தது. 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைண்ட் பால். மீதி 10,000 பேர் ஒப்பீட்டுக் குழு. பிள்ளைகளைக் குலுக்கல் முறையிலோ பெயரின் அகர வரிசையிலோ பிரித்தார்கள். ஒரு பக்கம் நன்றாக வளர்ந்த பிள்ளைகளோ மெலிந்த பிள்ளைகளோ அதிகமாகிவிட்டதாகத் தெரிந்தால் ஆசிரியர்கள் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்றும் விட்டுவிட்டார்கள். விளைவு, ஒப்பீட்டுக் குழுப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே உயரமாகவும் எடை கூடியவர்களாகவும் அமைந்துவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பால் போகட்டும் என்ற ஆசிரியர்களின் இரக்கம்தான் காரணம் என்று காசெட் ஊகித்தார். அதோடு, குளிர்காலத்தில் கனமான உடையோடும் கோடையின் தொடக்கத்தில் மெல்லிய உடையோடும் எடை பார்த்தார்கள். வசதியுள்ள பிள்ளைகள் கழற்றிய உடையின் எடை அதிகம், ஏழைப் பிள்ளைகளுடையது குறைவு. அந்த வேறுபாடும் கணக்கில் புகுந்துகொண்டது.

1931இல் காசெட் எழுதிய விமர்சனத்தில் முன்வைத்த மாற்று: ஒத்த இரட்டையர் 50 இணைகளை எடுத்து, ஒவ்வோர் இணையிலும் யாருக்குப் பால் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தால், மிகச் சிறிய செலவில் இதைவிட நம்பத்தகுந்த விடை கிடைக்கும் என்பது. 20,000 பேருக்கு எதிராக 100 பேர். மாணவர் ஆய்வுக்கு இதைவிட ஊக்கமூட்டும் செய்தி வேறு இல்லை என்று நினைக்கிறேன். பெரிய கூறு எடுக்கப் பணமும் நேரமும் இல்லாதவர்களுக்குத்தான் இணை அமைப்பு மிகவும் தேவை.

கூறு அளவைப் பொறுத்தவரை ஒரு கணக்கு. திட்ட விலக்கத்தில் பாதி அளவுள்ள ஒரு வேறுபாட்டை, 0.05 எல்லையில், 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கச் சார்பற்ற குழுக்களில் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். ஒருவரின் இரு அளவுகளுக்கும் இடையே 0.5 ஒட்டுறவு (ஒன்று கூடினால் மற்றதும் கூடும் போக்கின் அளவு; 1 என்றால் முழுமை) இருந்தால், இணை அமைப்பில் 34 பேர் போதும். ஒட்டுறவு அதைவிடக் கூடினால் இன்னும் குறைவு. தூக்கத் தரவில் அந்த ஒட்டுறவு ஏறத்தாழ 0.8.

விலை என்ன? கல்வியியல் ஆய்வேடுகளில் மிகவும் பழக்கமான அமைப்பு, ஒரே வகுப்புக்கு முன் தேர்வு வைத்து, புதிய முறையில் பாடம் நடத்தி, பின் தேர்வு வைப்பது. இணை டி சோதனையில் பி மதிப்பு 0.001க்குக் கீழே வந்துவிடும். அதனால் புதிய முறை வென்றது என்று ஆகிவிடாது. ஆறு வாரம் எந்த முறையில் நடத்தியிருந்தாலும் மாணவர் கொஞ்சம் கற்றிருப்பார்கள். அதே வினாத்தாளை இரண்டாம் முறை எழுதும்போது மதிப்பெண் தானாகவே ஏறும். முன் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், அடுத்த தேர்வில் அவர்கள் சராசரியை நோக்கி நகர்வது எதிர்பார்க்க வேண்டியதே. சோதனை "மாற்றம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். மாற்றத்துக்குக் காரணம் எது என்று அது சொல்லாது.

ஆகவே, வகுப்பறை ஆய்வுக்கு முன்-பின் அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் பழைய முறையில் படிக்கும் ஒப்பீட்டுக் குழு ஒன்றையும் வைத்தே தீர வேண்டும். இரு குழுக்களிலும் ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் கணக்கிட்டு, அந்த முன்னேற்றங்களை வெல்ச் சோதனையில் ஒப்பிடலாம். முன் தேர்வு மதிப்பெண்ணை உடன்மாறியாக, அதாவது தொடக்க வேறுபாட்டைக் கழிக்கும் அளவாக, சேர்க்கும் பகுப்பாய்வு தெரிந்தவர்களுக்கு அது இன்னும் நல்லது. மருந்து, உணவு, ஒலி, ஒளி போன்றவற்றின் விளைவைச் சோதிப்பவர்கள் பாதிப் பேருக்கு முதலில் இதையும் மீதிப் பேருக்கு முதலில் அதையும் கொடுத்து வரிசையை மாற்றிவிட வேண்டும். ஒன்றின் விளைவு அடுத்ததிலும் தொடரும் என்ற சந்தேகம் இருந்தால் இணை அமைப்பை விட்டுவிடுவதே மேல்.

ஸ்டூடண்டா, வெல்சா?

இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. ஸ்டூடண்ட் சோதனை, இரு குழுக்களின் பரவலும், அதாவது எண்கள் சிதறியிருக்கும் அளவும், சமம் என்று எடுத்துக்கொள்கிறது. பி. எல். வெல்ச் 1947இல் வெளியிட்ட வடிவம் அந்த நிபந்தனையைக் கேட்பதில்லை. பரவல்கள் சமமாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும், மேலே பார்த்தோம். பரவல்கள் சமமாக இல்லாமல், சிறிய குழுவில் பரவல் அதிகமாகவும் இருந்தால், ஸ்டூடண்ட் சோதனை இல்லாத வேறுபாட்டை 5 சதவீதத்தைவிட அதிகமான தடவை "கண்டுபிடிக்கும்". இழப்பு மிகக் குறைவு, பாதுகாப்பு அதிகம் என்பதால் வெல்ச்சையே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பல பாடநூல்கள் முதலில் லெவீன் சோதனையால் பரவல் சமமா என்று பார்த்துவிட்டுப் பிறகு தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. சிறிய கூறுகளில் அந்த முன்சோதனையே பலவீனமானது. சமமின்மை இருந்தும் அது தெரியாமல் போகலாம். நேராக வெல்ச்சுக்குப் போய்விட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

வெல்சா, மான்-விட்னியா?

மாணவர்கள் மிக அதிகமாகக் குழம்புவது இங்கேதான். "என் கூறு சிறியது, ஆகவே இயல்நிலைப் பரவல் இல்லை, ஆகவே மான்-விட்னி" என்ற வரிசை ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. (இயல்நிலைப் பரவல் என்பது எண்கள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் அமைவது.) கூறு சிறியது என்பதால் பரவல் இயல்நிலையில் இல்லை என்று ஆகிவிடாது. மேலும், மிகச் சிறிய கூறுகளில் மான்-விட்னியால் எதையுமே சொல்ல முடியாது.

கணக்கு எளிது. உரமிட்ட தொட்டிகள் மூன்று, உரமிடாதவை மூன்று. ஆறு தொட்டிகளை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிகள் உண்டு. உரமிட்ட மூன்றும் உயரத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தாலும், இருபக்கச் சோதனையில் (வேறுபாடு எந்தத் திசையில் வந்தாலும் கணக்கில் கொள்வது) கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு 20இல் 2, அதாவது 0.10. செடி வானளாவ வளர்ந்தாலும் 0.05ஐத் தொட முடியாது. நான்கு நான்கு என்றால் 70 வழிகள்; மிகச் சிறிய பி மதிப்பு 0.029. வில்காக்சன் இணைச் சோதனையிலும் இப்படித்தான்: 5 இணைகள் என்றால் 0.0625க்குக் கீழே போகாது, 6 இணைகள் என்றால் 0.031 வரை போகும். குழுவுக்கு மூன்று தொட்டிகளோடு ஆய்வைத் தொடங்கும் மாணவருக்கு, குழுவுக்கு ஒரே ஒரு தொட்டியைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதை வழிகாட்டி முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணம், மான்-விட்னி இடைநிலைகளை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்களை) ஒப்பிடுகிறது என்பது. அது கேட்பது வேறு கேள்வி: ஒரு குழுவிலிருந்து ஒருவரையும் மற்றதிலிருந்து ஒருவரையும் எடுத்தால், முதலாமவரின் அளவு பெரிதாக இருக்கும் வாய்ப்பு பாதியிலிருந்து விலகுகிறதா? இரு பரவல்களின் வடிவமும் ஒன்றாக இருந்தால்தான் அதை இடைநிலை பற்றிய கூற்றாக மாற்றிச் சொல்லலாம்.

இவ்வளவு சொன்னாலும் அதன் நன்மையை மறுக்க மாட்டேன். தரவு இயல்நிலைப் பரவலில் இருந்தாலும், பெரிய கூறுகளில் டி சோதனையோடு ஒப்பிட அதன் செயல்திறன் 95 சதவீதத்துக்குக் குறையாது. ஓரிரு எண்கள் மற்றவற்றைவிட மிகத் தள்ளி நிற்கும்போது, மாத வருமானம், மருத்துவமனையில் காத்திருந்த நேரம் போன்றவற்றில், அது டி சோதனையைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் உங்கள் கேள்வி சராசரி வருமானத்தைப் பற்றியதாகவே இருந்தால், கேள்வியை விட்டுவிட்டுச் சோதனையைக் காப்பாற்றக் கூடாது.

"முற்றிலும் உடன்படுகிறேன்" தொடங்கி "முற்றிலும் மறுக்கிறேன்" வரையிலான ஐந்து நிலை வினாக்கள் பற்றி: ஒரே ஒரு வினாவைத் தனியாக ஒப்பிடுவதென்றால் மான்-விட்னி. இருபது வினாக்களின் கூட்டு மதிப்பெண் என்றால் வெல்ச் தாராளமாகப் போதும். ஷப்பிரோ-வில்க் போன்ற இயல்நிலைச் சோதனையை வாசற்காவலாக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பத்துப் பேரிடம் அது பெரும்பாலும் எதையும் கண்டுபிடிக்காது. ஆயிரம் பேரிடம் பொருட்படுத்தத் தேவையில்லாத விலகலையும் பிடித்துக் காட்டும். புள்ளிகளை வரைந்து கண்ணால் பார்ப்பது இரண்டு நிலையிலும் அதிகம் கற்றுத்தரும்.

எண்ணிக்கைகள்: கை வர்க்கமும் ஃபிஷரும்

முளைத்தது, முளைக்காதது; தேர்ச்சி, தோல்வி. இங்கே சராசரிக்கு வேலையில்லை. பழைய விதிப்படி, வேறுபாடே இல்லையென்றால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் 5க்குக் கீழே போனால் ஃபிஷரின் துல்லியச் சோதனை, இல்லையென்றால் கை வர்க்கம். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு இந்த விதி இன்னும் பயன்படுகிறது. ஃபிஷர் 1935இல் விவரித்த தேநீர்ச் சோதனை அந்தத் துல்லியக் கணக்கின் ஆக எளிய வடிவம்: கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று ருசித்தே சொல்வேன் என்ற ஒரு பெண்ணுக்கு எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வெறும் ஊகத்தில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70இல் 1 வாய்ப்பு. கோப்பைகள் ஆறு என்று வைத்திருந்தால் 20இல் 1. முழு வெற்றிகூட எல்லையில் வந்து நின்றிருக்கும். எத்தனை கோப்பை என்பது சோதனைக்கு முன்பே முடிவான விஷயம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஊறவைத்த 50 விதைகளில் 40, ஊறவைக்காத 50இல் 31 முளைத்தன என்று இருக்கட்டும். கை வர்க்க மதிப்பு 3.93, பி மதிப்பு 0.05க்கு ஈடான எல்லை 3.84ஐத் தாண்டுகிறது. அந்த மதிப்பைச் சற்றுக் குறைத்துக் கணக்கிடும் யேட்ஸ் திருத்தம் செய்தால் 3.11, தாண்டவில்லை. இப்படி ஒரு திருத்தம் முடிவையே புரட்டிப்போடும் இடத்தில் "குறிப்பிடத்தக்கது" என்ற ஒற்றைச் சொல்லில் தொங்கக் கூடாது. முளைப்பு 62லிருந்து 80 சதவீதமாக உயர்ந்தது, உயர்வு 18 புள்ளிகள், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (தரவோடு பொருந்தும் உயர்வுகளின் வீச்சு) ஏறத்தாழ 1 முதல் 35 புள்ளிகள் வரை என்று எழுதினால் படிப்பவருக்கு முழு நிலவரமும் தெரியும்.

எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்ல வேண்டும். 50 விதைகளும் ஒரே தட்டில், ஒரே ஈரத்தில், ஒரே சன்னலோரம் இருந்தால் அவை 50 தனி அளவுகளாக மாட்டா. அந்தத் தட்டில் பூஞ்சை பிடித்தால் எல்லா விதைக்கும்தான் பிடிக்கும். அதேபோல், ஒரு வகுப்பில் 40 பேர் புதிய முறையிலும் மற்றொரு வகுப்பில் 40 பேர் பழைய முறையிலும் படித்தால், 80 பேர் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் முறைகளைப் பிரித்துக் கொடுத்தது இரண்டு வகுப்புகளுக்கு. இரண்டு ஆசிரியர்களின் வேறுபாடும் அதற்குள் கலந்தே இருக்கிறது. எந்தச் சோதனையாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. தட்டுகளைப் பெருக்குங்கள், தட்டுக்கு விதையைக் குறைத்தாலும் பரவாயில்லை.

எத்தனை சோதனைகள்?

பாலினம், வசிப்பிடம், பயிற்றுமொழி, பள்ளி வகை, பெற்றோர் கல்வி என்று ஐந்து பிரிவுகள். மனப்பான்மை, தன்னம்பிக்கை போன்ற நான்கு மதிப்பெண்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்மைக் கருதுகோள், அதாவது "வேறுபாடு இல்லை" என்ற கூற்று. ஆக 20 சோதனைகள். நம் கல்வியியல் ஆய்வேடுகளில் இது மிகச் சாதாரணம். எதிலுமே உண்மையான வேறுபாடு இல்லாவிட்டாலும், அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், குறைந்தது ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வந்த அந்த ஒன்றை முடிவுரையில் பெரிதாக எழுதி, அதற்கு இரண்டு பக்கம் காரணமும் கற்பிப்பது ஆய்வுக்குச் செய்யும் துரோகம்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதன்மைக் கருதுகோள் ஒன்றைத் தரவுக்கு முன்பே எழுதி வைத்து, மற்றவற்றை "ஆராய்ந்து பார்த்தவை" என்று வெளிப்படையாகக் குறிப்பது ஒன்று. எல்லையைத் திருத்துவது மற்றொன்று. பான்ஃபரோனி முறையில் 0.05ஐ 20ஆல் வகுத்து 0.0025 என்று வைக்க வேண்டும். ஹோம் முறையில் மிகச் சிறிய பி மதிப்புக்கு 0.0025, அடுத்ததற்கு 0.05ஐ 19ஆல் வகுத்தது என்று படிப்படியாக ஏறும். பாதுகாப்பு அதே அளவு, கண்டுபிடிக்கும் திறன் சற்றுக் கூடுதல். ஆகவே திருத்துவதென்றால் ஹோம். ஆனால் மாணவர் ஆய்வுக்கு முதல் வழியே உகந்தது என்பேன். கேள்வியைக் குறைப்பவர் தம் பாடத்தை ஆழமாக யோசிக்க வேண்டிவரும்.

ஒருபக்கச் சோதனையா, இருபக்கச் சோதனையா என்பதும் இதோடு சேர்ந்ததே. எதிர்த்திசையில் வேறுபாடு வந்தால் அதை ஒரு பொருட்டாகவே கொள்ள மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லத் துணிவிருந்தால் ஒருபக்கம். மற்ற எல்லோருக்கும் இருபக்கம்.

பி மதிப்பா, நம்பிக்கை இடைவெளியா?

இரண்டையும் எழுதுங்கள், ஒன்றுக்குத்தான் இடம் என்றால் இடைவெளியை எழுதுங்கள். வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், கண்ட அளவோ அதைவிடப் பெரிய அளவோ தற்செயலாகத் தோன்றும் வாய்ப்புதான் பி மதிப்பு. கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு அது கிடையாது. வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதையும் அது அளப்பதில்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கை இவ்விரண்டையும் தெளிவாகச் சொல்கிறது.

தூக்கத் தரவில் இணைக் கணக்கின் இடைவெளி 0.70 முதல் 2.46 மணி வரை. ஏறத்தாழ முக்கால் மணி முதல் இரண்டரை மணி வரை என்று ஒரு மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு அது பயன்படும். சார்பற்ற கணக்கில் கிடைக்கும் இடைவெளி −0.2 முதல் 3.4 வரை. பூச்சியமும் அதற்குள் இருக்கிறது, மூன்று மணி நேரமும் இருக்கிறது. இதைப் பார்க்கும் எவரும் "இரு மருந்துகளும் சமம்" என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் பி மதிப்பு 0.079 என்பதை மட்டும் பார்த்தவர்கள் "இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். ஏற்கப்படவில்லை, நிராகரிக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை, அவ்வளவே.

கருவிகள்

எக்செலில் டி சோதனைக்கான சார்பின் கடைசி இடத்தில் 1 கொடுத்தால் இணை, 2 கொடுத்தால் ஸ்டூடண்ட், 3 கொடுத்தால் வெல்ச். அதற்கு முந்தைய இடத்தில் ஒருபக்கமா இருபக்கமா என்பதற்கு 1 அல்லது 2. இந்த இரு எண்களைக் குழப்பிக்கொள்வது எளிது, ஒரு முறைக்கு இருமுறை பாருங்கள். மான்-விட்னி எக்செலில் உள்ளடங்கி வருவதில்லை. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் லெவீன் சோதனையோடு இரண்டு வரிகளை அச்சிடும், கீழ்வரிதான் வெல்ச். விலை கொடுத்து வாங்க வேண்டியது என்பதால், கல்லூரியில் உரிமம் இல்லாதவர்கள் அதற்காகத் திண்டாட வேண்டாம். ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம், சுட்டியால் தேர்ந்தெடுத்தே எல்லாச் சோதனைகளையும் நடத்தலாம். புதியவர்களுக்கு என் பரிந்துரை இவற்றில் ஒன்று. ஆர் மொழியும் இலவசம். அதன் டி சோதனைக் கட்டளை நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் வெல்ச்சையே நடத்தும், மேலே சொன்ன தூக்கத் தரவும் அதிலேயே உடன்வருகிறது. எதில் செய்தாலும், எந்தச் சோதனை, எத்தனை பேர், எந்த எல்லை என்பதைத் தரவு சேகரிக்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, வழிகாட்டியிடம் கையொப்பம் வாங்கி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.